உஸ் ஐயா அடைகாத்த கதை

ஒரு தேயிலைத் தோட்டத்தையே உதட்டில் விரல் வைத்து அடக்கிவிடலாம் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரராக வாய்த்தது என் ஜாதகக் கோளாறு. பெரிய துரையின் மோட்டார் சைக்கிள், கொழுந்து அரைக்கும் ஸ்டோரின் இஞ்சின், விடியற்காலையில் ஆட்களை எழுப்பும் பெரட்டுத் தப்பு, மாரியம்மன் கோயில் உறுமி, என் தொண்டைக் கமறல் எல்லாமே அவருக்கு ஒன்றுதான். ஆள்காட்டி விரலைத் தூக்குவார். கண்ணை உருட்டுவார். "உஸ்!" என்பார். அத்தோடு அண்டசராசரமும் கப்சிப் ஆகிவிட வேண்டும் அவருக்கு.

முப்பதுகளில், இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலே, மேகம் வாசற்படி வரைக்கும் வந்து போகும் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். இரண்டு பெஞ்சு, ஒரு அலமாரி, கொய்னா மருந்து வாடை, அவ்வளவுதான். ஒரே தகரக் கூரையின் கீழ் பாதி ஆஸ்பத்திரி, கால்வாசி அவர் வீடு, மிச்சம் என் அறை. ஆரம்பத்தில் அவரை எல்லோரும் மருந்தையா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சம்சாரத்தை மருந்தம்மா என்பார்கள்; எனக்கு அக்கா. உஸ் ஐயா என்கிற பட்டம் கிளிகள் வந்த பிறகு ஒட்டிக்கொண்டது.

கிளிகள் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துரைசானி சீமைக்கு லீவில் கிளம்பினார். கொழும்புக்கு வந்த ஆஸ்திரேலியாக் கப்பலில் வாங்கிய இரண்டு கொண்டைக்கிளிகள் அவரிடம் இருந்தன. காக்கட்டீல் என்று ஏதோ சொல்வார். மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் உடம்பு, தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. துரைக்குக் கிளிச்சத்தம் கேட்டால் தலைவலி. அதனால் அம்மணி கிளம்பும்போது காரில் ஒரு காலை வைத்துக்கொண்டே கூண்டை மருந்தையாவிடம் ஒப்படைத்து, எது ஆண், எது பெண், என்ன தீனி, எப்படிக் கூடு என்று விலாவாரியாக இங்கிலீஷில் விளக்கினார். மருந்தையாவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கிற இங்கிலீஷ்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் "எஸ் லேடி" என்றார். கடைசியில் தமிழில், "நீங்க திரும்பி வர்றப்ப குஞ்சோட காட்டுறேங்க" என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

கார் வளைவு திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல எது பொம்பளைன்னு பாத்த ஒடனே தெரியுதுல்ல?"

"தெரியலையேங்க."

"என்ன தம்பி நீங்க? இந்தா, இத பாருங்க. மொகம் பூரா மஞ்ச பூசியிருக்கு. ரெண்டு கன்னத்துலயும் குங்குமம் பளிச்சினு இருக்கு. பாட்டு வேற பாடுது. இதுதான் மீனாட்சி. அந்தா, மொகங்கூடக் கழுவாம மூலையில உக்காந்திருக்குது பாருங்க, அது சொக்கன். புருசன்காரன்."

அது உண்மைதான், ஒன்றின் முகம் மஞ்சள் தேய்த்துக் குளித்த சுமங்கலி முகம் மாதிரியே இருந்தது. மற்றது அழுது வடிந்தது. எனக்கும் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

ஸ்டோரிலிருந்து ஒரு பழைய தேயிலைப் பெட்டியை வாங்கி, உள்ளே இருந்த ஈயத்தாளை உரித்துப்போட்டு, பக்கத்தில் கிளி நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டு, அடியில் மரத்தூள் பரப்பி வைத்தார். கொஞ்ச நாளில் அதில் இரண்டு முட்டை. பெரிய நெல்லிக்காய் அளவு, சுண்ணாம்பு வெள்ளை. மருந்தையா பகலில் எப்போது எட்டிப் பார்த்தாலும் மஞ்சள் முகம்தான் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா? தாய் மனசு!" என்றார்.

அதன் பிறகு அந்த அறை பிரசவ அறை ஆகிவிட்டது. வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். அந்தக் குளிரில் வேம்பு ஏது? யூக்கலிப்டஸ் கொத்தை ஒடித்துக் கட்டினார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயம், சுக்கும் மிளகும் பூண்டும் கருப்பட்டியும் சேர்த்து, அக்காவை அரைக்க வைத்தார். அதைக் குச்சியில் தொட்டு மீனாட்சிக்கு ஊட்டினார். மீனாட்சி பாதியைத் தின்று மீதியை அவர் கண்ணாடிமேல் உதறியது.

"பிரசவ ரூமுல ஆம்பளைக்கு என்ன வேலை?" என்று சொக்கனைப் பிடித்து வேறு கூண்டில் போட்டு வெளி வராந்தாவில் தொங்கவிட்டார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதற்கு ஒரு அர்ச்சனை நடக்கும். "உள்ள பொண்டாட்டி கஷ்டப்படுறா. ஒனக்கு வேளாவேளைக்குத் தினை கேக்குதா? தண்டச்சோறு!" சொக்கன் கூண்டுக்குள் அங்கும் இங்கும் அல்லாடிக்கொண்டே இருந்தது.

ஒரு காலை. நான் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். வராந்தாவில் தண்ணீர் ஊற்றப் போன அக்காவின் குரல்.

"என்னங்க! ஓடியாங்க, ஓடியாங்க! புருசன் முட்டை போட்டுட்டாரு!"

ஓடினோம். கூண்டின் அடித்தட்டில் புத்தம்புது முட்டை. அதன் பக்கத்தில் சொக்கன். மருந்தையா முட்டையைப் பார்த்தார். சொக்கனைப் பார்த்தார். திரும்பி உள்ளே பார்த்தார்.

"அப்ப... உள்ள காயம் தின்னது?"

"அது அப்பாங்க" என்றாள் அக்கா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "ஆம்பளைக்குக் காயம் அரைச்சுக் குடுத்த பாவி நானாத்தான் இருப்பேன்!"

நடந்தது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. இந்த ஜாதியில் பகலெல்லாம் அப்பன் அடைகாக்கும், சாயங்காலம் வந்து அம்மா மாற்றிக்கொள்ளும். மீனாட்சி என்கிற அந்த ஆம்பளை பொழுது சாய்ந்ததும் எழுந்து பெண்டாட்டியைக் கூப்பிட்டிருக்கிறது. பெண்டாட்டியோ வராந்தாவில் ஜெயிலில் இருக்கிறாள். ராத்திரி பூரா முட்டைகள் அநாதையாகக் கிடந்தன. ராகலைக் குளிர் சும்மா விடுமா? வராந்தா முட்டையும் சேர்த்து மூன்றும் பாழ்.

மத்தியானத்துக்குள் சேதி மலைமேல் கடைசிக் கொழுந்து நிரை வரைக்கும் ஏறிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெண், "ஐயா, ரெண்டு நாளாக் காய்ச்சல். மருந்து அப்புறம் குடுக்கலாம், மொதல்ல நான் ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துச் சொல்லிருங்க" என்றாள். பெஞ்சில் இருந்த நோயாளிகள் நோயை மறந்து சிரித்தார்கள்.

பெரிய கங்காணி அதற்கும் மேலே போனார். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வெள்ளிப்பூண் போட்ட தடி, எதிர்மலையில் எதிரொலிக்கிற தொண்டை, இவ்வளவும் சேர்ந்து தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்ப்பவர் பெரிய கங்காணி. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னால், "மருந்தையா! நம்ம மாடு செனை புடிக்க மாட்டேங்குது. நீங்க ஒரு நடை வந்து காளைய நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அது காளைதானான்னு!" என்றார்.

மருந்தையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சிரிங்க, நல்லாச் சிரிங்க. அடுத்த ஈட்டுல இதுங்க குஞ்சு பொரிக்கும். பொரிக்கல, நான் இந்தத் தோட்டத்துல ஒரு சொட்டு மருந்து கலக்க மாட்டேன். கப்பலேறி எங்க ஊரு துறையூருக்கே போயிருவேன். இது சத்தியம்!" என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து, "தம்பி, மனுசன் நெசமாவே பரண்லேர்ந்து டிரங்குப் பெட்டிய எறக்கித் தொடைச்சு வச்சிருக்காரு" என்றாள். அதை நான் இரண்டு பேரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு சிரிப்பு சட்டென்று குறைந்துவிட்டது. காரணம் உண்டு. அவருக்கு முன்னால் இருந்த மருந்தையா பெஞ்சைவிட்டு எழுந்தவரில்லை. வயிற்றுவலிக்கும் கால்வீக்கத்துக்கும் ஒரே பாட்டில்தான். இவரோ மழையில் குடை திரும்பிக்கொண்டாலும் அட்டைக்கடியோடு ஆட்கள் குடியிருக்கும் கடைசி லயத்துக்கு நடந்து போய், "நாக்க நீட்டு" என்று அதட்டிவிட்டு, காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் அங்கேயே குந்தியிருப்பார்.

சரி, கிளிக்கு வருவோம். மருந்தையா சொக்கனை மரியாதையோடு பெட்டி அறைக்குக் கொண்டுபோய், கைகூப்பி, "தாயே, தெரியாம நடந்துபோச்சு" என்று மன்னிப்புக் கேட்டார். தாய் அவர் விரலை நன்றாகக் கடித்தாள். பெயரை மாற்றலாமே என்றேன். கூப்பிட்டுப் பழகிவிட்டதாம். ஆகையால் அந்தக் குடும்பத்தில் மீனாட்சி அப்பா, சொக்கன் அம்மா. தோட்டத்தில் யாரும் அதை வித்தியாசமாக நினைப்பதையும் விட்டுவிட்டார்கள்.

மறுபடி முட்டை வந்தது. இந்தத் தடவை நாலு. மருந்தையா இப்போது ஆளே மாறிவிட்டார். முன்கூட்டியே கொழும்பிலிருந்து கணவாய் மீன் ஓடு வரவழைத்துக் கூண்டில் கட்டியிருந்தார், முட்டையின் ஓடு கெட்டிப்படுவதற்காம். ஒரு வாரம் போனதும் ஒரு முட்டையை எடுத்து டார்ச் லைட்டின் வாயில் வைத்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. எனக்குக் கிளி, குருவி இதிலெல்லாம் அக்கறை கிடையாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஆனாலும் மற்ற மூன்றையும் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரம்கூட நிலைக்கவில்லை. தேயிலை ஏற்ற வந்த லொறி ஆஸ்பத்திரிக்கு நேராக நின்று வெடி போட்டதுபோல் ஒரு சத்தம் விட்டது. கிளி இரண்டும் பதறி அடித்துக்கொண்டு பாய்ந்ததில் ஒரு முட்டை உருண்டு விரிசல் விட்டுவிட்டது. மருந்தையா அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் காலையில் அந்த விரல் உதட்டுக்கு ஏறியது. தோட்டத்துக்கு ஏழரை ஆரம்பித்தது.

இருமல்காரர்கள் வாய்க்காலைத் தாண்டிப் போய் இருமிவிட்டு வர வேண்டும். பல் பிடுங்கிக்கொள்பவன் கத்தக் கூடாது, காலைத்தான் உதைத்துக்கொள்ளலாம். என் பாடு அதைவிட மோசம். தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைப்பேன். அப்பளத்தைக் கடித்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "உஸ்!" வரும். அந்த மாதம் பூராவும் அப்பளத்தை ரசத்தில் ஊறப்போட்டுத் தின்றேன். பெரட்டுத் தப்பு அடிப்பவனைக் கெஞ்சி வளைவுக்கு அந்தப் பக்கம் போய் அடிக்க வைத்தார். அது என் காதில் விழாமல் நான் ஆபீசுக்குப் பிந்திப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் பெரிய துரையே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உஸ் ஐயா ஓடிப்போய் அவர் மூக்குக்கு நேராக விரலை நீட்டி, "உஸ்!" என்றார். நான் என் வேலை போயிற்று என்று முடிவு செய்தேன். அவர் வேலையைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. துரை திகைத்துப்போய் இஞ்சினை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"யாரு செத்துப் போச்சு?" என்றார் மெல்லிய குரலில்.

"சாவு இல்லைங்க தொரை. அடை."

துரைக்கு அந்தச் சொல் தெரியாது. ஏதோ கொடிய வியாதி என்று எண்ணிக்கொண்டு, சைக்கிளை வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

இப்படி இருக்கையில் மாரியம்மன் திருவிழா வந்தது. ஆற்றங்கரையில் பூ ஜோடித்துக் கரகம் பாலித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற பாதை ஒன்றே ஒன்று. அது ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும். முட்டைகள் பொரியும் பக்குவத்துக்கு வந்துவிட்டிருந்தன. உஸ் ஐயா பெரிய கங்காணி வீட்டுக்கே போனார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"வளைவுலேர்ந்து கோயில் மேடு வரைக்கும் மட்டும் தப்பு வேணாங்க, கங்காணி. மூணு முட்டைதான் மிச்சம் இருக்கு."

"என்னாது?" என்று கங்காணி எழுந்தார். "ஆத்தாளுக்குத் தப்பு அடிக்காம வேற என்னத்த அடிக்கிறது? ஒங்க தலையிலயா? மூணு முட்டைக்காக எங்க மாரியாத்தா ஊமையாட்டம் வரணுமா?"

"கங்காணி, கும்பிட்டுக் கேக்குறேன்."

உண்மையாகவே கும்பிட்டார். அந்த மனிதர் துரைக்குக்கூடக் கை தூக்கி நான் பார்த்ததில்லை. கங்காணி தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உஸ் ஐயா திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து, "துறையூருல இப்ப வெயிலு கொளுத்தும்" என்றார் அக்காவிடம். அவள் மூக்கைச் சிந்தினாள். அந்தச் சத்தத்துக்கு "உஸ்" வரவில்லை.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரம். பள்ளத்தில் தப்பும் உறுமியும் கேட்டன. வர வரப் பெரிதாயின. தகரக் கூரை அதிர ஆரம்பித்தது. உஸ் ஐயா வாசலில் நின்றார். தீப்பந்த வெளிச்சம் வளைவில் தெரிந்தது. முன்னால் பெரிய கங்காணி. வளைவைத் தொட்டதும் அவர் வெள்ளிப்பூண் தடியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

தப்பு நின்றது. உறுமி நின்றது.

கங்காணி ரகசியம் பேசினார். அவருடைய ரகசியம் இரண்டு லயத்துக்குக் கேட்கும். "டேய், சலங்கையக் கழட்டிக் கையில புடிங்கடா. பொம்பளைங்கள்லாம் வளையல ஒதுக்கிக்கங்க. எவனாவது தும்முனீங்க, தொலைச்சுப்புடுவேன்!"

முந்நூறு பேர் நுனிக்காலில் நடந்து வந்தார்கள். காவடி எடுத்தவன் பூனைபோல் வந்தான். கரகம் எடுத்தவனுக்கு அருள் வந்திருந்தது. அவனும் சத்தமில்லாமல் ஆடினான். நடுவில் யாரோ ஒரு ஆள் அடக்க முடியாமல் "அச்" என்றான். உடனே முந்நூறு பேரும் அவனைப் பார்த்துத் திரும்பி "உஸ்!" என்றார்கள். ஸ்டோர் பாய்லரில் ஆவி திறந்துவிட்டதுபோல் இருந்தது. வாசலில் நின்ற உஸ் ஐயா பழக்கத்தில் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார். அவருக்கு வேலையே மிச்சம் வைக்கவில்லை ஜனங்கள். விரலை என்ன செய்வதென்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே டியூட்டி மாறியது. சொக்கன் முட்டைமேல் போய் உட்கார, மீனாட்சி வெளியே வந்து பெட்டிமேல் ஏறிச் சோம்பல் முறித்தது. ஊரே அமைதியாக இருக்கிறதே, ஒரு பாட்டுப் பாடுவோம் என்று தோன்றியிருக்க வேண்டும். துரைசானி பங்களாவில் நாயைக் கூப்பிட நீளமாக ஒரு சீட்டி அடிப்பார். அப்பனுக்குத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். கணீரென்று அடித்தது.

பங்களா நாய் டைகர், எஜமானி சீமையிலிருந்து வந்துவிட்டாள் என்று சங்கிலியோடு பிய்த்துக்கொண்டு மலைச்சரிவில் பாய்ந்தது. குலைத்துக்கொண்டே ஊர்வலத்தின் நடுவில் புகுந்தது. உறுமிக்காரர் பயத்தில் உறுமிமேலேயே உட்கார்ந்துவிட்டார். தப்புக்காரர்கள் தப்பால் நாயை அடிக்க, அது தாளத்தோடு விழுந்தது. "புடிங்கடா அந்த நாய!" என்று பெரிய கங்காணி போட்ட கூச்சல் எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தது. கரகம் மட்டும் அசையவில்லை, ஆத்தா புண்ணியம்.

"அய்யோ, என் முட்டை!" என்று உஸ் ஐயா உள்ளே ஓடினார். அவர் பின்னால் கங்காணி, அக்கா, நான், இன்னும் யார் யாரோ. பெட்டி ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். சொக்கன் முட்டைகள்மேல் கல்லுப்பிள்ளையார்போல் உட்கார்ந்திருந்தாள். ஒரு இறகு அசையவில்லை. எங்கள் கும்பலைப் பார்த்துக் கொண்டையை உயர்த்தி, உடம்பை ஆட்டி, அடித்தொண்டையிலிருந்து ஒரு சீறல் விட்டாள்.

"உஸ்ஸ்ஸ்!"

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கி வெளியே வந்தோம். முதலில் வந்தவர் பெரிய கங்காணி.

திருவிழா முடிந்து சில நாள். விடிகாலைப் பெரட்டு நடக்கிறது. பனி கொட்டுகிறது. வெறும் பனியனோடு ஒரு உருவம் கத்திக்கொண்டே ஓடி வந்தது.

"பொரிஞ்சிருச்சு! டேய் பொரிஞ்சிருச்சுடா! கங்காணி, பொரிஞ்சிருச்சுங்க!"

அந்த வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது.

"கத்தாதீங்க மருந்தையா, கொழந்த முழிச்சுக்கும்!" என்றார் கங்காணி. பெரட்டு கலைந்தது. துரைக்கு என்ன காரணம் சொன்னோம் என்பது இப்போது நினைவில்லை.

குஞ்சு அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கண் திறக்காத, கழுத்து நிற்காத, மஞ்சள் பஞ்சு ஒட்டிய மாமிசத்துண்டு. அப்பன் அதன் அலகைத் தன் அலகால் கவ்வி உலுக்கியதும் உஸ் ஐயா, "கொல்றான், கொல்றான்!" என்று கையை உள்ளே விட்டார். அது இரை ஊட்டுகிறது என்று அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவதும் பொரிந்தது. மூன்றாவது கடைசிவரை பொரியவில்லை. அதைச் சட்டைப்பையில் கதகதப்பாக வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார். நாற்றம் வருவதற்குள் அக்கா பிடுங்கி வாழைமரத்தடியில் புதைத்தாள். பின்னால் துரைசானி வந்து குடும்பத்தைப் பார்த்துவிட்டு, கிளிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். துரைக்குத்தான் பரம நிம்மதி.

குஞ்சு பொரிந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தோம். பெரிய கங்காணி முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வந்திருந்தார். உஸ் ஐயா அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் இந்தச் சனங்களத் தப்பா நெனச்சுட்டேங்க, கங்காணி. மூணு முட்டைக்காக சாமி ஊர்வலத்தையே சத்தமில்லாம கொண்டு வந்தாங்களே! இவங்களுக்குக் கிளி மேல இம்புட்டுப் பிரியம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

நான் வாயைத் திறந்தேன். கங்காணி என்னை ஒரு முறை முறைத்தார்.

"ஆமாங்க மருந்தையா. கிளின்னா எங்களுக்கு உசுரு" என்றார்.

அந்த மனிதர் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, வேறொரு கிளியை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நானும் தலையை ஆட்டினேன். உஸ் ஐயா அந்த வருஷம் கப்பலேறவில்லை, எங்களுக்கு அது போதும்.